பதினோரு ஃபெயிலும் நான்கு மதிப்பெண்ணும்

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் என்பதால் அதை முதல் வரியிலேயே சொல்லி முடிக்க இயலவில்லை. பொறுமையாகப் படிக்கவும். முடிந்தால் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டுப் படிக்கவும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை, அவற்றுக்கு நடுவே ஒரு கதவு, அந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. தவிர, நான் பேசுவதை மட்டுமல்ல, மறுமுனையில் நீங்கள் பேசுவதையும் அடுப்படியில் நின்றபடியே கேட்டுவிடக் கூடியவள் உங்கள் தங்கை. அதனால்தான் அவள் மாடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக உங்களுக்கு நான் எழுதும் கடிதத்தின் அடியில் நான்கு விரல் இடம் விடுவேன், அதில் அவள் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதுவாள், பிறகு அவளே உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டுவாள். இந்த முறை உறையை நானே ஒட்டி, காய் வாங்கப் போகும்போது நானே பெட்டியில் போடப் போகிறேன். விஷயம் அப்படிப்பட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்குச் சராசரிச் சர்க்கரை எட்டரையைத் தொட்டுவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அன்று டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், மூன்று மாதத்தில் ஏழுக்குக் கீழே வராவிட்டால் தினமும் ஊசி என்றார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் தங்கை என் முன்கையைப் பிடித்தாள், அந்த நகக்குறி நான்கு நாள் இருந்தது. "என்னென்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாகவே சொல்லிவிட்டேன், முப்பத்தொரு வருடமாக வாரம் நான்கு நாள் எங்கள் வீட்டில் பாஸ்தா என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதை முதல்ல நிறுத்துங்க" என்றார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. நான் பாஸ்தா ஆலையில் தரச் சோதனையாளனாக இருந்தவன். காலை பத்து மணிக்கு மணி அடிக்கும், அன்றைய சரக்கில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நூறு கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு இழையை எடுத்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்ப்பேன். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் வேகவில்லை, கோடு மறைந்த நொடிதான் பதம். பிறகு கடித்துப் பார்த்து, துப்பிவிட்டு, பச்சைச் சீட்டு அல்லது சிவப்புச் சீட்டு. மாதக் கடைசியில் உடைந்த துண்டுகள் ஐந்து கிலோ வீட்டுக்குக் கொடுப்பார்கள், ஓய்வு பெற்றவனுக்கும் கொடுக்கிறார்கள், இப்போதும் பரணில் இரண்டு டின் நிறைய இருக்கிறது. கல்யாணமான புதிதில் முதல் முறை சமைத்து அவள் முன்னால் வைத்தபோது தட்டை வழித்துச் சாப்பிட்டு "நல்லா இருக்கு" என்றாள். அதே சொல்லை முப்பத்தொரு வருடம் ஓர் எழுத்து மாறாமல் சொன்னவள் அவள். அப்படிப்பட்டவளிடம் என் கையால் கொடுத்ததையே நிறுத்து என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்குச் சர்க்கரை வந்ததே என் ஐந்து கிலோவால்தானோ என்ற எண்ணம் அன்றைக்கு நெஞ்சில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, ரொம்ப நிதானமாக ஒரு நிபந்தனை போட்டாள். "உங்க பாஸ்தாவுக்குச் சமமா ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொண்டாங்க. அன்னைக்கே இதை விட்டுடறேன். மூணு மாசம் பார்க்கறேன். அதுக்குள்ள வரலைன்னா பழையபடி இதையே சாப்பிட்டுட்டு ஊசியும் போட்டுக்கறேன்." ஊசிக்கு அவ்வளவு பயப்படுகிறவள் இப்படிச் சொன்னால் அந்தப் பாஸ்தா மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று பாருங்கள்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டேன். ஓய்வு பெற்ற எட்டு மாதமாகப் பத்து மணி ஆனால் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தவன் நான். உள்ளே இருக்கும் விளக்குக்கு ஆயுள் குறைகிறது என்று உங்கள் தங்கை சொல்லுவாள். இப்போது ஆலையிலிருந்து கொண்டுவந்த நிறுத்தற்கடிகாரத்தைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்தேன். மிச்சமிருந்த பச்சை, சிவப்புச் சீட்டுகளை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினேன். பார்வைக்கு இருபத்தைந்து, கடிக்கு இருபத்தைந்து, குழம்பு இழையில் பிடித்து நிற்பதற்கு இருபத்தைந்து, ருசிக்கு இருபத்தைந்து, ஆக மொத்தம் நூறு. எழுபத்தைந்துக்குக் குறைந்தால் ஃபெயில். சுவைக்குழுவில் உறுப்பினர் ஒருவர்தான், உங்கள் தங்கை.

எங்கள் மகள் வெளியூரிலிருந்து ஒரு கருவி அனுப்பி வைத்தாள், பென்சில் சீவுவது போல் காயைச் சீவினால் சுருள் சுருளாக நூல் வரும். முதல் தேர்வு சுக்கினி. வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்கும், அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. நான் முறைப்படி ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அரை நிமிடத்தில் ஒரு இழையை எடுத்துச் சில்லுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். வெள்ளைக் கோடு இல்லை, பச்சைக் கோடு இல்லை, இழையே இல்லை, கையெல்லாம் தண்ணீர். சரி, வெந்துவிட்டது போலிருக்கிறது என்று தட்டில் வைத்துத் தக்காளிக் குழம்பை ஊற்றிக் கொண்டுபோனேன். மேஜைக்குப் போவதற்குள் தட்டில் இழைகள் மிதக்க ஆரம்பித்துவிட்டன. உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "ஸ்பூன் கொண்டுவரவா?" என்று மட்டும் கேட்டாள். மகளுக்குப் போன் போட்டால், "அதை யாருப்பா வேகவைக்கச் சொன்னது? உப்புப் போட்டு வச்சுத் துணியில பிழிஞ்சுட்டு, சூடான வாணலியில ஒரு நிமிஷம் புரட்டணும், அவ்வளவுதான்" என்றாள். மறுநாள் அப்படியே செய்தேன். பிழிவதற்கு நான் எடுத்த வெள்ளைத் துணி தலையணை உறை என்பது பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் பச்சையாகவே இருக்கிறது, அதில் படுப்பது நான்தான். இந்த முறை சுக்கினி ஐம்பத்தெட்டு வரை வந்தது. சுவைக்குழு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ம்... உங்க பாஸ்தா மாதிரி இல்லியே. ஃபெயில்" என்றது. ஆனால் தட்டு மட்டும் காலியாகித்தான் திரும்பி வந்தது. எதையும் வீணாக்க மாட்டாள், அந்தக் குணம் உங்கள் வீட்டு வளர்ப்பு.

இங்கேதான் மச்சான், நான் ஒரு பெரிய காரியம் செய்து வைத்தேன். ஆலையில் எந்தப் புதுச் சரக்கைச் சோதித்தாலும் பக்கத்தில் தரமாதிரி ஒன்றை வேகவைத்து வைப்போம். நல்லது எது என்று நாக்குக்கு முதலில் நினைவூட்ட வேண்டும், பிறகுதான் புதியதைக் கொடுக்க வேண்டும். நீங்களும் கடையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பவர்தானே, இந்த முறை உங்களுக்குச் சொல்லாமலே புரியும். அதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் அடுத்த அடுப்பில் நம் பழைய பாஸ்தாவை ஒரு கிண்ணம் வேகவைத்து, முதலில் அதை முழுதாகச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் பிறகு புதியதை நீட்டினேன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டாள். நான்கு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனால் சர்க்கரை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. எனக்குச் சுக்கினி மேல்தான் சந்தேகம். நர்ஸ் ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"முன்னாடி வாரத்துக்கு எத்தனை நாள் பாஸ்தா?"

"நாலு நாள்" என்றேன்.

"இப்போ?"

"இப்போ பாஸ்தாவே கிடையாதும்மா. தரமாதிரி மட்டும்தான்."

"அது என்ன சார் தரமாதிரி?"

விளக்கமாகச் சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள், உங்கள் தங்கையைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "அப்போ பாஸ்தாவை நிறுத்தறதுக்காக இவங்க தினமும் ஒரு கிண்ணம் பாஸ்தா சாப்பிடறாங்க. அப்படித்தானே சார்?" என்றாள். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை சிரிக்கவே இல்லை. "அவரு முறைப்படி செய்யறவரும்மா" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். வீட்டுக்கு வந்து இரண்டு டின்னையும் பரணில் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு வீட்டுக் கருவியில் விரல் குத்திப் பார்க்கும்போது எண் மெல்ல இறங்கியது என்பது உண்மை. ஆனால் அந்த டின்களைப் பழையபடி இறக்கினால் எண் ஏறிவிடுமே. நிபந்தனை அப்படியே இருக்கிறதே.

மற்றத் தேர்வுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸ் இருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கும், பையில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு விற்கிறார்கள், மாவுச்சத்து அநேகமாகப் பூஜ்யம். பையை வெட்டியதும் மீன் சந்தை வாடை. பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க வீட்டுச் சாக்கடையும் அடைச்சிருக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்வது, மனிதர் ஆள் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்கத் தோண்டினார். நன்றாக அலசி, எண்ணெய் இல்லாமல் வாணலியில் வறட்டினால் வாடை போய்விடும் என்று பையின் பின்பக்கம் எழுதியிருந்ததை நான் பிறகுதான் படித்தேன். வாடை போயிற்று, ஆனால் பல்லுக்குப் பிடி கொடுக்கவில்லை. கடித்தால் திரும்ப நிமிர்ந்துகொள்கிறது. ஒரு இழை முள்கரண்டியிலிருந்து தாவி என் சட்டைப்பைக்குள் போய்விட்டது. நான் சாயந்திரம் நூலகத்தில் பேனாவுக்குக் கைவிட்டபோதுதான் அது கிடைத்தது. அப்போதும் விறைப்பாகவே இருந்தது. ஃபெயில்.

அடுத்தது மஞ்சள் பூசணியில் ஒரு ஜாதி. வெந்ததும் உள்ளே சதை நூல் நூலாகப் பிரியும் என்றாள் மகள். கத்தி பாதி இறங்கியது, பிறகு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கத்தியின் பிடியைப் பிடித்துக்கொண்டு பூசணியோடு தெருவில் நடந்து, விற்ற காய்கறிக்காரம்மாவிடமே போனேன். எதிரே வந்தவர்கள் நன்றாகவே வழிவிட்டார்கள்.

"என்ன சார், காய் சரியில்லையா?"

"காய் சரியாத்தான் இருக்கு. பிளக்கத்தான் வரலை."

அந்த அம்மா கத்தியோடு சேர்த்துப் பூசணியைத் தூக்கிக் கல் மேல் ஒரு போடு போட்டாள், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. வேகவைத்துச் சுரண்டினால் இழைகள் அழகாகத்தான் வந்தன, எல்லாமே இரண்டு அங்குலம். இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் சிவப்புச் சீட்டு எழுதிய கை இது. அந்தப் பூசணிக்குள் நூல் குறுக்கே வட்டமாக ஓடுகிறது, வளையம் வளையமாக நறுக்கினால்தான் நீளமாக வரும் என்பதை இரண்டாவது பூசணியில் கண்டுபிடித்தேன். நீளம் கிடைத்தது. ருசியில் ஒரு தித்திப்பு. தித்திப்பு என்றதும் சுவைக்குழுவுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. ஃபெயில்.

கொண்டைக்கடலை மாவில் செய்த பாஸ்தா பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. எட்டாவது நிமிடம் கல், எட்டரையில் களி, நடுவில் எங்கே பதம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து முறை தேடினேன். போதாததற்கு நர்ஸ், "இதுல மாவுச்சத்து கம்மிதான் சார், ஆனா இல்லாம இல்ல" என்று சொல்லிவிட்டாள். சோயா நூடுல்ஸில் பார்சல் கட்டலாம். முட்டைக்கோஸை நாடாவாக நறுக்கி வதக்கியது நன்றாகவே இருந்தது, ஆனால் அது முட்டைக்கோஸாக நன்றாக இருந்தது. கத்தரிக்காயை நீளத் தகடாகச் சீவிச் சுட்டு அடுக்கியதற்கு நான் அறுபத்தாறு போட்டேன். அவள் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துவிட்டு, "கத்தரிக்காய் கத்தரிக்காயாத்தான் இருக்கு" என்றாள். நூல்கோல், பப்பாளிக்காய், முள்ளங்கி, பாதாம் மாவு எல்லாம் எழுதினால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். பதினோரு தேர்வு, பதினோரு சிவப்புச் சீட்டு. ஒவ்வொரு முறையும் சாந்தமாகச் சாப்பிடுவாள், சாந்தமாக ஃபெயில் என்பாள், சாந்தமாகவே "நாளைக்கு என்ன சார் சோதனை?" என்பாள். கோபப்பட்டாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது பன்னிரண்டாவது ஒன்று என் கைவசம் இருக்கிறது. முட்டையோடு கொஞ்சம் மிருதுவான பாலாடைக்கட்டியைச் சேர்த்து அடித்து, தட்டையான வாணலியில் காகிதம் போல் மெல்லிசாக ஊற்றி, ஆறியதும் பாயாகச் சுருட்டிக் குறுக்கே நறுக்கினால் நாடா நாடாக வருகிறது. மாவு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. குழம்பு நாடாவில் பிடித்து நிற்கிறது. மடிகிறது, உடையவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது செய்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து, மனசாட்சிப்படி மதிப்பெண் போட்டேன். எழுபத்தொன்று. இன்னும் நான்கே நான்கு. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடை பார்த்தபோது இருநூற்றுப் பத்து கிராம் எழுபதாகக் குறைந்திருந்தது. ஈரம் ஆவியாகியிருக்கும். அந்தக் குறைபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எழுபத்தொன்று.

வருகிற வாரம் வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும், அன்றோடு மூன்று மாதம் முடிகிறது. ஆகையால் மச்சான், கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வர வேண்டும். பன்னிரண்டாவதை உங்கள் இருவருக்கும் ஒன்றாகப் பரிமாறுவேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், முதல் வாய் வைத்ததுமே நீங்கள், "அட, இது பாஸ்தாவேதான்!" என்று சொல்லிவிட வேண்டும். உங்கள் வார்த்தைக்கு அவளிடம் மறு வார்த்தை கிடையாது. சின்ன வயதில் நீங்கள் சிவப்பு என்று சொன்னால் பச்சை மிட்டாயையும் சிவப்பென்று வாங்கிச் சாப்பிட்டவள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த நான்கு மதிப்பெண்ணை நீங்கள் போட்டுக் கொடுத்தால் நான் பச்சைச் சீட்டு எழுதிவிடுவேன்.

இது பொய்ச் சான்றிதழ் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆலையில் ஒரு முறை மயிரிழை விரிசல் விட்ட தொகுதி ஒன்றைப் பாஸ் போடச் சொல்லி மேலாளர் என் மேஜைக்கே வந்து நின்றார். வாசலில் லாரி காத்திருந்தது. "ஒரு கையெழுத்துதானேய்யா" என்றார். நான் சிவப்புச் சீட்டைத்தான் எழுதினேன், லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று, ஒரு வாரம் என்னோடு யாரும் தேநீர் குடிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் தகுதியில்லாத ஒன்றுக்குக்கூட நான் பச்சைச் சீட்டு எழுதியது கிடையாது. இந்த ஒன்றுக்கு எழுதப் போகிறேன். ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அவள் விரலில் குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடிக்கிறாள். தினமும் ஊசி என்றால் அந்த முகத்தைத் தினமும் நான் பார்க்க வேண்டும். ஐந்து ஐந்து கிலோவாகச் சுமந்து வந்து கொடுத்தவன் நான்தானே. நிபந்தனை போட்டவளிடம் கெஞ்சவும் பார்த்துவிட்டேன், "சமமா இருந்தா சாப்பிட மாட்டேனா?" என்கிறாள், அதற்கு மேல் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். இனி உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவரவர் வயதுக்குத் தகுந்தபடி வணக்கத்தையும் ஆசியையும் பிரித்துக் கொடுத்துவிடவும். அனைவரும் நோய் நொடியில்லாமல், முக்கியமாகச் சர்க்கரை இல்லாமல், நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நேர்மையான (ஞாயிற்றுக்கிழமை வரை),
தங்கையின் கணவன்.

பி.கு.: நான் எழுதியது அவளுக்குத் தெரியவே கூடாது. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். கீழே இருக்கும் நான்கு விரல் இடம் பழக்கத்தில் விட்டது, பொருட்படுத்த வேண்டாம்.

பி.கு.வுக்கு பி.கு.:

அண்ணா, நான்தான். உறையை ஒட்டி, முகவரி எழுத மறந்து, அதை அடுப்பு மேடையிலேயே வச்சுட்டுக் காய் வாங்கப் போயிருக்காரு. பக்கத்துல முட்டைக்கோஸ் வெந்துட்டிருந்தது, ஆவியில உறை பிரிஞ்சிருச்சு. தானா பிரிஞ்சுதா நான் பிரிச்சேனான்னு கேட்காதே. நாலு விரல் இடம் போதாது, அதனால பின்பக்கமும் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. எனக்கு அந்தப் பாஸ்தா எந்தக் காலத்திலும் பிடிச்சதே இல்ல. கல்யாணமான புதுசுல அவ்வளவு ஆசையா செஞ்சு கொண்டுவந்து எதிர்ல உட்கார்ந்து என் வாயையே பார்த்துட்டிருந்தாரு, மரியாதைக்கு நல்லா இருக்குன்னேன். மாசக் கடைசியில அஞ்சு கிலோவைக் கொண்டுவந்து இறக்கினாரு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? நாலு வாரம் தினமும் அந்தத் தரமாதிரியைத் தின்னேனே, அதுதான் நான் பட்ட பெரிய பாடு.

டாக்டர் நிறுத்துங்கன்னு சொன்னதும் இவர் முகம் விழுந்துடுச்சு. படியில உட்கார்ந்தவரை எழுப்பறதுக்கு வாய்க்கு வந்த நிபந்தனையைப் போட்டேன். சாயந்திரமே கழுத்துல கடிகாரத்தை மாட்டிக்கிட்டாரு. எட்டு மாசமா ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிட்டிருந்த மனுஷன் அண்ணா. இப்போ காலையில எனக்கு முன்னாடி எழுந்து ஷேவ் பண்ணிக்கறாரு, பத்து மணிக்கு அடுப்புக்கு முன்னாடி நிக்கறாரு. நான் ஒரு தடவை பாஸ்னு சொல்லிட்டா மறுநாள் பத்து மணிக்கு என்ன செய்வாரு? அதனாலதான் ஃபெயில் போட்டுட்டே இருக்கேன். சுக்கினியே பாஸ்தான், கத்தரிக்காய் இன்னும் ஒரு தட்டு கிடைக்குமான்னு இருந்தது. ஃப்ரிட்ஜில ஈரமெல்லாம் ஆவியாகல. அது நான்தான். என் வாழ்நாள்ல சாப்பிட்டதிலேயே நல்லது அந்த முட்டை நாடாதான்.

செவ்வாய்க்கிழமை நான் போனது டாக்டர்கிட்டே. ஆறு புள்ளி ஆறு. ஊசி கிடையாது. இவர் இவ்வளவு பயந்துட்டிருக்காருன்னு இதைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தெரியுது, மனசே கேட்கல. காயோட உள்ளே வந்ததும் அந்த டாக்டர் சீட்டை அவர் கையில கொடுத்துடறேன். எண்ணைச் சொல்லிடறேன், மூணு மாசக் கெடுவையும் நீட்டிடறேன், ருசியை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஒரு முட்டையை உடைச்சு, அந்த வெள்ளைக்கருவாலேயே உறையை ஒட்டி, முகவரியும் எழுதிடறேன். அவர் எழுதினதாவே நினைச்சுக்குவாரு. நீ ஞாயித்துக்கிழமை கட்டாயம் வா, அண்ணியையும் கூட்டிட்டு வா. நல்லா சாப்பிடு, ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கோ. சாப்பிட்டு முடிச்சுட்டு அவர் முகத்தைப் பார்க்காம, எனக்காக ஒரே ஒரு வார்த்தை, ஃபெயில்னு சொல்லிடு.